டிஎன்ஏ பாலிமெரேஸுக்கு மட்டும் பிரைமர் எதற்கு?

அம்பை உயிரியல் ஆசிரியை:

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். டிஎன்ஏ தன்னைப் பிரதியெடுக்கும் இரட்டிப்பாதலையும், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாகும் படியெடுத்தலையும் அடுத்தடுத்து நடத்தியபோது ஒரு மாணவி எழுப்பிய ஐயத்துக்கு என்னால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. ஆர்என்ஏவை உருவாக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமெரேஸ், பார்த்துப் படியெடுக்கும் வார்ப்பு இழையைப் பிடித்துக்கொண்டு முதல் நியூக்ளியோடைடிலிருந்தே (சங்கிலியின் ஒரு கண்ணி, ஓர் எழுத்து) சங்கிலியைத் தொடங்கிவிடுகிறது. டிஎன்ஏவை உருவாக்கும் டிஎன்ஏ பாலிமெரேஸோ, பிரைமேஸ் என்னும் வேறொரு நொதி பிரைமர் எனப்படும் ஒரு சிறு ஆர்என்ஏ துண்டை முன்கூட்டியே போட்டு வைத்தால்தான் வேலையில் இறங்குகிறது. பிறகு அந்தத் துண்டை அகற்றி, அவ்விடத்தை டிஎன்ஏவால் நிரப்பி, ஒட்டவும் வேண்டியிருக்கிறது. "இவ்வளவு சுற்றுவதற்கு அதுவே நேராகத் தொடங்கினால் என்ன, டீச்சர்?" என்று கேட்கிறாள். அதன் இயல்பு அப்படித்தான் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்:

டீச்சர், அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. விடை பிழைதிருத்தத்தில் இருக்கிறது.

டிஎன்ஏ பாலிமெரேஸ், வளரும் சங்கிலியின் 3' முனை எனப்படும் நுனியில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியோடு மட்டுமே புதிய நியூக்ளியோடைடை இணைக்கும். அப்படி இணைப்பதற்கு முன், கடைசியாக அமர்ந்த கார இணை (இரு இழைகளிலும் எதிரெதிரே நிற்கும் எழுத்துகள்) ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்பதும், நொதியில் வினை நடக்கும் இடமான வினைமையத்தில் தெரிந்துவிடும். அடினினுக்கு எதிரே தைமினுக்குப் பதில் சைட்டோசின் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த நுனி வார்ப்பு இழையோடு படியாமல் விலகி நிற்கும். சேர்க்கும் வேகம் சட்டென விழும். நுனி நொதியின் மற்றொரு பகுதிக்கு நகர்ந்து, தவறான நியூக்ளியோடைடு அங்கே வெட்டப்பட்ட பின் மறுபடி வினைமையத்துக்கு வரும். ஏறத்தாழ லட்சத்துக்கு ஒன்று என்றிருக்கும் பிழை இதனால் கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது. பின்னால் வரும் சீராக்க நொதிகள் அதை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே கொண்டுபோகின்றன.

முந்தைய இணையைப் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்கும் நொதிக்கு, முந்தைய இணையே இல்லாத இடத்தில் பிடிமானம் ஏது? எந்த நொதி தொடங்கினாலும் முதல் சில எழுத்துகளைச் சரிபார்க்க வழியில்லாமல்தான் போட வேண்டும். ஆகவே அங்கே பிழை மலியும். அப்பகுதியை ஆர்என்ஏவாகப் போட்டுவிட்டால், அது அகற்றப்பட வேண்டியது என்ற அடையாளம் அதன் வேதியமைப்பிலேயே இருக்கும் என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஈ. கோலை பாக்டீரியாவில், 1956-இல் ஆர்தர் கோர்ன்பெர்க் கண்டறிந்த டிஎன்ஏ பாலிமெரேஸ் 1 பிரைமரை அரித்துக்கொண்டே முன்னேறி, அவ்விடத்தை டிஎன்ஏவால் நிரப்புகிறது. எஞ்சிய வெட்டை லைகேஸ் ஒட்டுகிறது.

சங்கிலி ஒரே திசையில் மட்டும் வளர்வதற்கும் இதுவே காரணம். இணைப்புக்கான ஆற்றல், வந்து சேரும் நியூக்ளியோடைடு சுமந்துவரும் மூன்று பாஸ்பேட்டுகளிலிருந்து கிடைக்கிறது. எதிர்த்திசையில் வளர்வதானால் அந்த முப்பாஸ்பேட் சங்கிலியின் நுனியில் இருந்தாக வேண்டும்; பிழையான நுனியை வெட்டியதும் ஆற்றலும் அதோடு போய், வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். ஆகையால்தான் ஓர் இழை தொடர்ச்சியாகவும், மற்றது ஒகசாகி துண்டுகள் எனப்படும் சிறு சிறு துண்டுகளாகவும் உருவாகின்றன. நம் செல்களில் அத்துண்டுகள் 100 முதல் 200 நியூக்ளியோடைடு நீளமே உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரைமர் வேண்டும். செலவு கொஞ்சமல்ல.

ஆர்என்ஏ பாலிமெரேஸ் அத்தனை செலவு செய்ய வேண்டியதில்லை. மூலப்பத்திரத்தில் சர்வே எண் தவறினால் பேரன் காலம் வரை வில்லங்கம். அதன் ஜெராக்ஸில் ஓரெழுத்து தவறினால் வேறொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஒரே மரபணுவிலிருந்து பல பிரதிகள் எடுக்கப்படுவதாலும், எடுத்த ஆர்என்ஏ சில நிமிடங்களிலோ மணிகளிலோ சிதைக்கப்படுவதாலும், பத்தாயிரத்துக்கோ லட்சத்துக்கோ ஒரு பிழை என்பதைச் செல் தாங்கிக்கொள்கிறது.

தென்காசி முதுகலை மாணவர்:

ஐயா, ஒரு சிறு சேர்க்கை. ஆர்என்ஏ பாலிமெரேஸ் பிழையே திருத்தாது என்று மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. தவறான எழுத்து சேர்ந்தால் அது சற்றுப் பின்னோக்கி நகர்கிறது. அப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்என்ஏ நுனி வெட்டப்படுகிறது. பாக்டீரியாவில் இதற்கு கிரே புரதங்களும் நம் செல்களில் டிஎஃப்2எஸ் என்னும் புரதமும் துணை நிற்கின்றன. அதேபோல், நம் செல்களில் பிரைமரை நீட்டித் தரும் டிஎன்ஏ பாலிமெரேஸ் ஆல்ஃபாவுக்குப் பிழைதிருத்தும் பகுதி கிடையாது; அது சிறிது தூரம் போட்டதும் வேறு பாலிமெரேஸ்கள் பொறுப்பேற்கின்றன.

திருநெல்வேலி ஆய்வக நுட்பர்:

தென்காசித் தம்பி சொன்னது சரி. நான் காசநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆர்என்ஏ பாலிமெரேஸ் சங்கிலியைத் தொடங்குவதை வகுப்பில் விளக்க ரிஃபாம்பிசின் மாத்திரை போதும், டீச்சர். சிறுநீர் சிவந்து போகிறதே என்று நோயாளிகள் பதறி வந்து கேட்பார்களே, அந்த மருந்துதான். அது பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமெரேஸில், பிறந்த ஆர்என்ஏ வெளியேறும் வழியை மறித்து உட்கார்ந்துகொள்கிறது. சங்கிலி இரண்டு மூன்று நியூக்ளியோடைடு வளர்ந்ததும் மருந்தில் முட்டி நின்றுவிடும். ஏற்கெனவே நீண்ட சங்கிலியோடு ஓடிக்கொண்டிருக்கும் நொதியை அது நிறுத்துவதில்லை. நம்முடைய ஆர்என்ஏ பாலிமெரேஸ்களில் அது அவ்வாறு பொருந்தாததால்தான் மனிதர்களுக்குக் கொடுக்க முடிகிறது.

இந்த மருந்துக்கு மசியாத கிருமிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டில், அந்த நொதியின் பீட்டா பகுதிக்கான மரபணுவில் 81 கார இணை நீளமுள்ள ஒரே துண்டில்தான் மாற்றம் இருக்கும். சிபிநாட் என்னும் காசநோய் மரபணுப் பரிசோதனையில் அதைத்தான் தேடுகிறோம். சளியில் கரைசலை ஊற்றிக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, 2 மில்லி எடுத்து, பரிசோதனை நடக்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜில் விடுவோம். உள்ளே உலர்ந்த மணிகளாக டிஎன்ஏ பாலிமெரேஸ் காத்திருக்கும். செல்லில் ஹெலிகேஸ் என்னும் நொதி செய்யும் இழைபிரிக்கும் வேலையை இங்கே வெப்பம் செய்துவிடுகிறது. பிரைமரும் உண்டு, ஆனால் டிஎன்ஏவால் ஆனது. பிற்பாடு அதை அகற்ற வேண்டிய தேவை இல்லை. பொதுவாக, இப்படி டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறை எதிலும், மாதிரியோடு உலோக அயனிகளைப் பிணைக்கும் ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள் மிகுதியாகக் கலந்துவிட்டால் வினை நடக்காது. பாலிமெரேஸின் வினைமையத்துக்கு வேண்டிய மெக்னீசிய அயனிகளை அது பிடித்துக்கொள்ளும்.

அம்பை உயிரியல் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, இன்னொன்று. பிரைமரை அகற்றிய இடத்தை நிரப்பவும் பின்னால் ஒரு 3' முனை வேண்டுமல்லவா? குரோமோசோமின் கடைக்கோடியில் அது எங்கிருந்து வரும்? நாளைக்கு அவள் இதையும் கேட்பாள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்:

வராது, டீச்சர். பெரும்பாலான பாக்டீரியாக்களின் குரோமோசோம் வட்டமானது. அங்கே இந்தச் சிக்கலே எழாது. நம் குரோமோசோம்களின் நுனிகளிலோ டிடிஏஜிஜிஜி என்னும் ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு செல் பிரிவிலும் நிரப்பப்படாமல் குறைவது அதிலிருந்துதான். டெலோமெரேஸ் என்னும் நொதி தனக்கான ஆர்என்ஏ வார்ப்பைத் தானே சுமந்துகொண்டு, அத்தொடரை 3' முனையில் மீண்டும் நீட்டுகிறது. இனச்செல்களை உருவாக்கும் செல்களில் அது நன்றாக இயங்கும். பெரும்பாலான உடற்செல்களில் மிகக் குறைவு. இக்கண்டுபிடிப்புக்காக பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. கரும்பலகையில் வரையும்போது இரு இழைகளையும் ஒரே அளவில் முடித்துவிடாதீர்கள். 3' முனை உள்ள இழை உண்மையிலேயே ஒற்றையாகச் சற்று நீண்டுதான் இருக்கிறது.