டெஸ்ட் விதி வந்தா புக்கிங் ஏன் படுக்குது? கவுன்டர்ல என்ன பார்க்கணும்?

மண்ணடி_டிக்கெட்:
மறுபடி கொரோனா மாதிரி ஒரு தொற்று வந்து விமானத்துல போக டெஸ்ட் கட்டாயம்னா கவுன்டர்ல என்னென்ன சரிபார்க்கணும்னு கடைப் பசங்களுக்கு ஒரு தாள் எழுதிட்டிருக்கேன். 72 மணி நேரம்னா எதிலிருந்து எண்ணணும்? டிக்கெட் விலைக்கு முன்னாடி டெஸ்ட் காசு சும்மா. அப்புறம் ஏன் ஜனங்க பின்வாங்குறாங்க?

ராயபுரம்_லேப்:
ஊருக்கு ஊர் கணக்கு வேற. 2021-ல துபாய்க்கு 48 மணி நேரம், சளி மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. ரிப்போர்ட் வந்த நேரம் செல்லாது. அமெரிக்கா 2021 டிசம்பர் 6-லிருந்து 'ஒரு நாள்'னு வச்சது. அது 24 மணி நேரம் இல்ல, காலண்டர் நாள். வெள்ளி ராத்திரி விமானத்துக்கு வியாழன் காலையில எடுத்ததும் செல்லுச்சு. அதனால ரிப்போர்ட்ல மாதிரி எடுத்த தேதியும் மணியும் இருக்கான்னுதான் முதல்ல பாருங்க.

அடுத்தது பேரு. நம்ம ஆளுங்களுக்கு இதுதான் பெரிய கண்டம். பாஸ்போர்ட்ல 'செல்வம் மாணிக்கம்', லேப் ஃபார்ம்ல 'மா.செல்வம்'. ஆதாரைப் பார்த்து எழுதக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பார்த்துதான் எழுதணும், அதோட எண்ணையும் சேர்த்து. க்யூ.ஆர். கோடை உங்க போன்லயே ஸ்கேன் பண்ணி ரிப்போர்ட் திறக்குதான்னு பாருங்க.

கொருக்குப்பேட்டை_பிசிஆர்:
காசு பயமில்ல அண்ணே, கடைசி நேர பாசிட்டிவ்தான் பயம். துபாய்க்கு ஏர்போர்ட்லயே புறப்பாட்டுக்கு 6 மணி நேரத்துக்குள்ள ரேப்பிட் பிசிஆர் (வைரஸோட மரபணுவைத் தேடுற டெஸ்ட், சீக்கிரம் முடிவு வர்ற வகை) வேற இருந்தது, 2022 பிப்ரவரி வரைக்கும். பெட்டி கட்டி, வழியனுப்ப வந்த சொந்தக்காரங்க வெளியே நிக்கும்போது பாசிட்டிவ் வந்தா?

அதுவும் கொரோனா காய்ச்சல் வந்து குணமானவங்களுக்கும் பாசிட்டிவ் வரும். வைரஸ் செத்த பிறகும் அதோட ஆர்.என்.ஏ. (மரபணு) துணுக்கு வாரக்கணக்கில் மூக்குல கிடக்கும். எத்தனை சுற்று பெருக்கினா வைரஸ் தெரியுதுங்கிற எண்தான் சி.டி.; எண் கூடினா வைரஸ் கம்மி. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வச்ச வரம்பு சி.டி. 35. 34 வந்தாலும் பாசிட்டிவ்தான், ஆனா மறுநாள் எடுத்தா நெகட்டிவ் ஆகலாம். சமீபத்துல காய்ச்சல் வந்தவங்களுக்கு தேதி மாத்த முடியாத டிக்கெட் போடவே போடாதீங்க.

துறைமுகம்_வாசி:
டெஸ்டைவிட விதி புரண்டதுதான் நம்பிக்கையைக் கெடுத்ததுன்னு சொல்வேன். வெளிநாட்டிலிருந்து இந்தியா வர்றவங்க ஆன்லைன்ல நிரப்பின ஏர் சுவிதா படிவத்தை 2022 நவம்பர் 22-ல எடுத்தாங்க. 2023 ஜனவரி 1-ல சிங்கப்பூர், தாய்லாந்து, சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியாவிலிருந்து வர்றவங்களுக்கு ஆர்டிபிசிஆர், படிவம் ரெண்டும் திரும்பி வந்துச்சு. பிப்ரவரி 13-ல அதுவும் போச்சு. நவம்பர்ல ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தவன் என்ன பண்ணுவான்?

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பாருங்க. கென்யா, நைஜீரியா போறவங்க நம்ம துறைமுக சுகாதார அலுவலகத்துல போட்டுக்கிறாங்க. போட்ட 10-வது நாள்லிருந்து செல்லும், 2016-லிருந்து ஆயுசுக்கும் செல்லும். அட்டை இல்லாம அங்கிருந்து திரும்பினா 6 நாள் வரைக்கும் தனிமை. கடுமையான விதிதான், ஆனா அதுக்காக யாரும் டிக்கெட்டை ரத்து பண்றதில்ல. விமானத்துக்கு முந்தின வாரம் ஊசிக்கு ஓடுறவங்கதான் மாட்டுவாங்க.

மண்ணடி_டிக்கெட்:
நன்றி. அரசு அறிவிப்பை பிரின்ட் எடுத்துக் கொடுத்தா ஏர்லைன்ல ஒத்துக்குவாங்களா?

ராயபுரம்_லேப்:
அதை மட்டும் நம்பாதீங்க. அவங்க பார்க்கிறது டைமேட்டிக், அதாவது நாடு நாடா பயண விதிகளைத் தொகுத்து வச்சிருக்கிற ஏர்லைன் தகவல் தளம். விதி தவறி ஒருத்தரை ஏத்திட்டா அபராதமும் திருப்பிக் கூட்டிட்டு வர்றதும் ஏர்லைன் தலையிலதான், அதனால சந்தேகம்னா இறக்கிடுவாங்க. டிக்கெட் போடும்போது ஒரு தடவை, மாதிரி எடுக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை டைமேட்டிக்கைப் பாருங்க. இடையில விமானம் மாறுற ஊரோட விதியையும் சேர்த்து.