400 விளையாட்டுக் கையடக்கக் கருவி: நினைவகச் சில்லைப் படித்தாகிவிட்டது, எமுலேட்டரில் கருந்திரை மட்டுமே வருகிறது

பழைய_ஜாய்ஸ்டிக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெட்டியின் மேல் 400 விளையாட்டுகள் என்று அச்சிடப்பட்டு, தயாரித்தவர் பெயர் எதுவும் இல்லாமல் விற்கப்படும் சிவப்பு நிறக் கையடக்கக் கருவி ஒன்றைத் திறந்து பார்த்தேன். பலகையின் நடுவில், முதன்மைச் சில்லை மறைத்தபடி கருப்புப் பசைத் துளி ஒன்று இருக்கிறது. அதன் அருகில் 48 கால்கள் கொண்ட ஃபிளாஷ் நினைவகம். அந்த நினைவகத்தை வெப்பக் காற்றால் கழற்றி, சில்லுகளைப் படித்து எழுதும் டிஎல்866 வகைப் புரோகிராமரில் வைத்து முழுவதும் படித்தேன். 8 மெகாபைட் கோப்பு கிடைத்தது. மறுமுறை படித்தபோதும் அதே கோப்புதான் வந்தது.

பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நிண்டெண்டோ என்இஎஸ் காலத்து விளையாட்டுகள் என்பதால், கோப்பின் தலையில், கோப்பின் வகையைச் சொல்லும் என்இஎஸ் தலைப்பைச் சேர்த்துச் சாதாரண எமுலேட்டரில் (பழைய கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்தேன். திரை கருப்பாகவே நிற்கிறது. டைல் எனப்படும் சிறு படத்துண்டுகளைக் காட்டும் பார்வையியில் திறந்தால் சில இடங்களில் எழுத்துகளும் பொம்மைகளும் தெளிவாகத் தெரிகின்றன, வேறு சில இடங்களில் வரிவரியாகக் கிழிந்தாற்போல் தெரிகின்றன.

முதல் 512 கிலோபைட்டின் கடைசிப் பகுதியைத் தேடியபோது, தொடக்க முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 40 ஈ0 (பதினாறடிமான எண்கள்) என்ற இரு பைட்டுகள் இருந்தன. பின்னுள்ள பைட் முன்னால் வரும்படி சேர்த்து, ஈ040 என்ற இடத்திற்குச் சென்றால் கிடைப்பது இது:

78 பி8 சி2 எஃப்எஃப் 9ஏ சி9 00 8டி 00 20

இது என்இஎஸ் செயலிக்கு அடிப்படையான 6502 செயலியின் நிரல்போலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. நான் படித்த கோப்பே பழுதா, அல்லது இந்தச் சில்லு வேறு வகையா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பைட்_பொறுக்கி

கோப்பில் பழுது இல்லை என்பதை நீங்கள் கொடுத்த வரியிலிருந்தே சொல்லிவிடலாம். 16 பிட் நினைவகங்களைப் படிக்கும்போது இரட்டைப் பைட்டுகள் இடம் மாறி வருவது வழக்கமான தொல்லை. அப்படி மாறியிருந்தால் உங்கள் தொடக்க முகவரி 40ஈ0 ஆகியிருக்கும். அந்த எண் நிரல் வாழும் இடமே அல்ல, சில்லைக் கட்டுப்படுத்தும் பதிவேடுகள் இருக்கும் பகுதி. ஈ040 என்பது 6502 குடும்பம் விழித்தெழ வேண்டிய கடைசி 8 கிலோபைட் பேங்கிற்குள் (நினைவகத் துண்டு) இயல்பாக வந்து உட்காருகிறது. ஆகவே பைட் வரிசை சரி, முகவரிக் கம்பிகளும் பெரும்பாலும் சரி.

இப்போது நிரலைப் பாருங்கள். என்இஎஸ் நிரல்களில் மிகப் பல இந்த வரியோடுதான் தொடங்குகின்றன:

78 டி8 ஏ2 எஃப்எஃப் 9ஏ

குறுக்கீட்டை நிறுத்து, பதின்ம முறையை அணை, எக்ஸ் பதிவேட்டில் எஃப்எஃப் வை, அதை அடுக்குச் சுட்டியில் போடு என்பது இதன் பொருள். உங்களிடம் இருப்பதோ 78 பி8 சி2 எஃப்எஃப் 9ஏ. மாறியிருப்பவை இரண்டே பைட்டுகள். அவற்றை இரும எண்ணாக எழுதினால் காரணம் கண்முன் நிற்கும். டி8 என்பது 1101 1000, பி8 என்பது 1011 1000. ஏ2 என்பது 1010 0010, சி2 என்பது 1100 0010. இரண்டிலும் 64இன் பிட்டும் 32இன் பிட்டும் தமக்குள் இடம் மாறியிருக்கின்றன. 78இல் அந்த இரு பிட்டுகளும் 1, 9ஏயில் இரண்டும் 0. அதனால் அவை மாறாதவைபோல் தோன்றுகின்றன. எஃப்எஃப் கட்டளை அல்ல, ஏ2வின் பின்னால் வரும் தரவு. அதைச் சில்லு தொடுவதே இல்லை.

அடுத்த ஐந்து பைட்டுகளும் இதையே உறுதிப்படுத்துகின்றன. சி9 என்பது ஒப்பிடும் கட்டளை. பூஜ்யத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அதன் விடையைப் பார்க்காமலேயே 2000 முகவரியில் எதையோ எழுதும் நிரலை எவரும் எழுத மாட்டார்கள். பிட்டுகளைத் திருப்பி மாற்றினால் சி9 என்பது ஏ9 ஆகிறது: பூஜ்யத்தை ஏற்று, அதை 2000இல் எழுதி, படச் சில்லை அமைதிப்படுத்து. என்இஎஸ் நிரல்கள் பெரும்பாலும் எழுந்தவுடன் செய்யும் வேலை அது.

கருந்திரைக்கும் காரணம் இதுதான். உங்கள் எமுலேட்டர் பி8ஐயும் சி2வையும் தீங்கில்லாத கட்டளைகளாகக் கடந்து போயிருக்கும். துணைநிரலை அழைக்கும் 20 என்ற கட்டளை, பிட்டுகள் மாறிய நிலையில் 40 என்று எழுதப்பட்டிருக்கும். அதைச் சாதாரண 6502 குறுக்கீட்டிலிருந்து திரும்பு என்று படிக்கும். அடுக்கில் வைக்காத முகவரியை எடுத்துக்கொண்டு நிரல் எங்கோ போய்ச் சேரும், அதற்குப் பிறகு எதுவும் நடக்காது.

ஒரு எச்சரிக்கை. கோப்பு முழுவதிலும் இந்தப் பிட் மாற்றத்தைச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கட்டளையின் முதல் பைட் மட்டுமே இப்படிக் குழப்பப்பட்டிருக்கிறது. முகவரிகள், எண்கள், படங்கள், இசை ஆகிய அனைத்தும் நேராகவே உள்ளன. எனவே கட்டளையைச் சில்லு எடுக்கும் அந்த நொடியில்தான் மாற்றம் நிகழ வேண்டும், அதாவது எமுலேட்டரின் 6502 பகுதிக்குள். சில சில்லுகளில் ஒரு பதிவேட்டில் எழுதி இந்தக் குழப்பத்தை அணைக்கவும் முடியும் என்பதால், பட்டியல் நிரல் ஒரு முறையிலும் விளையாட்டு மற்றொரு முறையிலும் ஓடுவதைக் கண்டால் திகைக்க வேண்டாம்.

சாலிடர்முனை

மேலே உள்ள விளக்கத்தோடு சில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரிவரியாகத் தெரியும் படங்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1983இல் வந்த, என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமில் ரிக்கோவின் 2ஏ03 என்ற செயலியும் தனியான படச் சில்லும் இருந்தன; விளையாட்டு அட்டையிலும் நிரலுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரு தடங்கள். பின்னால் யுஎம்சி போன்ற தைவான் நிறுவனங்கள் இவை அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கின. யுஎம்6561 அவ்வகையில் பெயர் பெற்றது. அதற்கடுத்த கட்டம் வி.ஆர். டெக்னாலஜி என்ற தைவான் நிறுவனத்தின் விடி02, விடி03 வரிசை. இவற்றில் நிரலும் படமும் ஒரே நினைவகத்தில், ஒரே தடத்தில் இருக்கின்றன. ஒன்பஸ் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு 32 மெகாபைட் வரை முகவரியிட வல்லது. பழைய விளையாட்டுகளில் பல எம்எம்சி3 என்ற அட்டைச் சில்லை நம்பி எழுதப்பட்டவை. விடி வரிசை அதன் பேங்க் மாற்றும் முறையையும் தானே செய்து காட்டுவதால், அவற்றை அதிகம் திருத்தாமலேயே இங்கே கொண்டுவர முடிந்தது. இக்கருவிகள் இவ்வளவு மலிவாக இருப்பதற்கு, ஒரு சில்லும் ஒரு நினைவகமும் போதும் என்ற அந்த ஏற்பாடே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

மூல என்இஎஸ்ஸில் ஒரு டைலுக்கு 16 பைட், அதாவது புள்ளிக்கு 2 பிட், நான்கு வண்ணம். விடி03 முறையில் புள்ளிக்கு 4 பிட் வைக்கலாம். அப்போது டைலுக்கு 32 பைட், 16 வண்ணம். உங்கள் பார்வையி அனைத்தையும் 2 பிட் என்று எண்ணிக்கொண்டு வரைவதால், அந்தப் பகுதிகள் கிழிந்து தெரிகின்றன. தெளிவாகத் தெரிபவை பழைய விளையாட்டுகளிலிருந்து அப்படியே எடுத்தவை. கிழிந்து தெரிபவை இந்தச் சில்லுக்காகவே எழுதப்பட்டவை. பட்டியல் திரை பெரும்பாலும் அவற்றில் ஒன்றாக இருக்கும்.

வண்ணமும் வேறு. என்இஎஸ்ஸில் நிலையான வண்ண அட்டவணையிலிருந்து 6 பிட் எண்ணால் தேர்ந்தெடுப்பார்கள். விடி03இல் 12 பிட், அதில் ஒளிர்வு, செறிவு, நிறக் கட்டம் ஆகியவற்றுக்குத் தலா 4 பிட். தொலைக்காட்சிச் சமிக்ஞையை நினைத்து வகுத்த கணக்கு அது, சிவப்பு பச்சை நீலமாக அதை மாற்றும் சூத்திரம் எமுலேட்டருக்கு எமுலேட்டர் சற்றே வேறுபடுவதை நீங்கள் கண்ணாலேயே காணலாம்.

கோப்பைச் சோதிக்க மேம் என்ற எமுலேட்டரை விட நின்டெண்டுலேட்டர் என்ஆர்எஸ் என்ற எமுலேட்டர் எளிது. மேமில் ஒவ்வொரு கருவிக்கும் மூல நிரலில் தனிப் பதிவு வேண்டும். இதிலோ என்இஎஸ் 2.0 தலைப்பைச் சரியாக எழுதினால் போதும். அட்டையின் அமைப்பைக் குறிக்கும் மேப்பர் எண் 256, துணை எண் 15. பைட்_பொறுக்கி கண்டுபிடித்த அதே பிட் மாற்றத்துக்கு உரியது அந்தத் துணை எண். 16 பைட் தலைப்பில், 0இலிருந்து எண்ணிக்கொண்டு, இந்த இடங்களை மட்டும் கவனியுங்கள்: நான்காவது பைட் 00, ஏழாவது 0பி, எட்டாவது எஃப்1, ஒன்பதாவது 02, பதின்மூன்றாவது 07. நான்காவதும் ஒன்பதாவதும் சேர்ந்து 512 என்ற அளவைச் சொல்கின்றன. அலகு 16 கிலோபைட் என்பதால் அது உங்கள் 8 மெகாபைட். கடைசியில் உள்ள 07 விடி03 என்பதைக் குறிக்கிறது. முதல் நான்கு பைட்டுகள் எல்லா என்இஎஸ் கோப்புகளிலும் ஒன்றே, மற்றவை பூஜ்யம்.

மினுக்கும்_திரை

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் எஸ்எஃப்2000 உள்ளது. வெளிப்பார்வைக்கு இதே வகைக் கருவிதான். அதற்கும் இந்த வழி பொருந்துமா?

சாலிடர்முனை

பொருந்தாது, நண்பரே. அதில் இருப்பது மிப்ஸ் வகைச் செயலி. என்இஎஸ் சில்லு எதுவும் உள்ளே இல்லை, அந்தக் கருவியே மென்பொருள் எமுலேட்டர்களைத்தான் ஓட்டுகிறது. எதையும் கழற்றவும் வேண்டாம், ஏனென்றால் முதன்மை நிரல் எஸ்டி அட்டையிலேயே பிஐஎஸ்ஆர்வி.ஏஎஸ்டி என்ற கோப்பாகக் கிடக்கிறது. அதைத் திருத்துவோர் உள்ளே பதிந்திருக்கும் சரிபார்ப்புத் தொகையையும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும், இல்லையேல் கருவி எழாது. அதற்குத் தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

பழைய_ஜாய்ஸ்டிக்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன தலைப்போடு ஓட்டியதும் பட்டியல் திரை உடனே வந்துவிட்டது. 16 வண்ணப் பின்னணியும் கருவியில் உள்ளதைப்போலவே தெரிகிறது. பிட் மாற்றத்தைச் சரிபார்க்க, கடைசி பேங்கில் 40 என்ற பைட்டுக்கு இரண்டு பைட் தள்ளி 80க்கு மேற்பட்ட எண் எத்தனை இடங்களில் வருகிறது என்று ஒரு சிறு நிரலால் எண்ணினேன். 20க்குப் பின்னால் அப்படி வருவதைவிட அது பன்மடங்கு அதிகம்; ஆகவே துணைநிரல் அழைப்புகள் அனைத்தும் 40 என்றே பதிந்திருப்பது உறுதி.

இரண்டு குறைகள் எஞ்சியுள்ளன. எனக்குப் பழக்கமான வேறோர் எமுலேட்டரின் மூல நிரலில், கட்டளை எடுக்கும் இடத்தில் இந்தப் பிட் மாற்றத்தை நானே சேர்த்துப் பார்த்தேன். அதில் பட்டியல் இசையில் பாதிக் குரல்கள் கேட்கவில்லை. அத்துடன், சில விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவுடன் பட்டியலுக்கே திரும்பிவிடுகிறது.

பைட்_பொறுக்கி

இசைக்குக் காரணம், விடி வரிசையில் என்இஎஸ்ஸின் ஒலிப்பகுதி இருமுறை இருப்பது. 4000இல் தொடங்கும் பழைய பதிவேடுகளுக்கு மேலாக, 4020இல் தொடங்கி இரண்டாவது தொகுதி ஒன்று உண்டு. பட்டியல் இசை இரண்டையும் பயன்படுத்துகிறது. என்இஎஸ் மட்டும் அறிந்த எமுலேட்டர் இரண்டாவது தொகுதிக்கு எழுதப்படுபவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அங்கே மற்றொரு ஒலிப்பகுதியை உருவாக்கி, இரண்டின் வெளியீட்டையும் கலந்தால் சரியாகிவிடும்.

பட்டியலுக்குத் திரும்புவது பேங்க் கணக்கில் உள்ள சிக்கல் என்றே தோன்றுகிறது. விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும் பட்டியல் நிரல் 4100, 410ஏ, 410பி ஆகிய பதிவேடுகளில் எழுதி, நினைவகத்தின் எந்தப் பகுதி அந்த விளையாட்டுக்கு உரியது என்று குறித்துவிட்டு, அதன் தொடக்க முகவரிக்குத் தாவும். 410பியின் கடைசி மூன்று பிட்டுகள், விளையாட்டு தானாக மாற்றிக்கொள்ளக்கூடிய பேங்க் எண்ணின் அகலத்தை வரையறுக்கின்றன. அவை பூஜ்யமாக இருந்தால் அகலம் 6 பிட், அதாவது 8 கிலோபைட் பேங்குகள் 64, மொத்தம் 512 கிலோபைட். விழித்தெழும்போது சில்லு இந்த நிலையில் இருப்பதால்தான் உங்கள் தொடக்க முகவரி கோப்பின் கடைசியில் இல்லாமல் முதல் 512 கிலோபைட்டின் இறுதியில் இருந்தது. இந்த மூன்று பிட்டுகளைக் கவனிக்காத எமுலேட்டர் அகலத்தை எப்போதும் 6 பிட் என்றே எண்ணும், அதனால் பட்டியல் இருக்கும் அதே 512 கிலோபைட்டுக்குள் உள்ள விளையாட்டுக்குத் தாவும்போது பட்டியலின் தொடக்கத்திலேயே போய் நிற்கும். நின்டெண்டுலேட்டரில் அதே விளையாட்டுகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, தேர்வின்போது அந்த மூன்று பதிவேடுகளிலும் எழுதப்படும் மதிப்புகளைப் பதிந்து இங்கே இடுங்கள்.

சாலிடர்முனை

மதிப்புகளோடு பலகையின் இரு பக்கப் படங்கள், நினைவகச் சில்லின் மேல் உள்ள எண், கோப்பின் சிஆர்சி32 சரிபார்ப்பு எண் ஆகியவற்றையும் சேர்த்து இடுவது நல்லது. ஒரே கூட்டுக்குள் வெவ்வேறு பலகைகள் வைத்து விற்கப்படுவதால், மேமில் பதிவு சேர்ப்பவர்களுக்கு அவை தேவைப்படும். கோப்பை மட்டும் இங்கே ஏற்ற வேண்டாம், அதனுள் பிறருக்கு உரிமையான விளையாட்டுகள் இருக்கின்றன. சில்லைத் திரும்பப் பொருத்தும்போது முதல் காலைக் குறிக்கும் புள்ளி எந்த மூலையில் இருந்தது என்பதைப் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய_ஜாய்ஸ்டிக்

நின்டெண்டுலேட்டரில் அந்த விளையாட்டுகள் தடையின்றி ஓடுகின்றன, எனவே குறை நான் திருத்திய எமுலேட்டரில்தான். நான் பார்த்த ஒரு விளையாட்டில் 410பியின் கடைசி மூன்று பிட்டுகள் 010 என்று எழுதப்படுகின்றன. என் எமுலேட்டர் அந்தப் பதிவேட்டைப் படிக்கவே இல்லை. அகலக் கணக்கைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். படங்களையும் மற்ற விளையாட்டுகளின் மதிப்புகளையும் அதன் பிறகு இடுகிறேன்.