கரண்ட் இல்லாத நாளில் பாலை எத்தனை மணி நேரம் வெளியே வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள், அதனால்தான் இந்தக் கவலை.

நேற்று காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மாலை ஐந்துக்குத்தான் வந்தது. ஃபிரிட்ஜில் இரண்டு பச்சை ஆவின் பாக்கெட், அரை லிட்டர் காய்ச்சிய பால். மதியம் தொட்டுப் பார்த்தபோது பாக்கெட்டில் குளிர்ச்சியே இல்லை. மாமியார், "காய்ச்சிப் பாரு, திரியலைன்னா நல்ல பால்தான்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு டிகிரிக்கு மேல் போனாலே கிருமிகள் பெருகத் தொடங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான் என்று படித்திருக்கிறேன். சில கிருமிகள் விடும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாதாம். திரியாத பால் எல்லாம் நல்ல பால் இல்லை என்றுதானே அர்த்தம்? கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்றரை லிட்டர், வயிறு எரிந்தது.

ஃபிரிட்ஜ் இல்லாமலே பிள்ளை வளர்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். காலையில் வாங்கியதும் காய்ச்சிய பாலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கொதிக்க வைப்பீர்கள்? தண்ணீர்த் தட்டில் பாத்திரத்தை வைத்து ஈரத்துணி சுற்றினால் சித்திரை வெயிலிலும் தாங்குமா? அவசரத்துக்கு, பிரிக்காத டெட்ரா பேக் பால் இரண்டு வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுத்துப் பழகியவர்கள், குழந்தை மருத்துவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கும் கரண்ட் இருக்காது என்கிறார்கள்.