எஸ்.இ.ஓ. (தேடுபொறியில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும்) வேலையில் எதைத் தானியங்கியாக்கலாம், இணைப்பு தேடும் பணியையும் ஒப்படைக்கலாமா?

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். இருவர் மட்டுமே பணிபுரியும் ஒரு சிறு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் இணையத்தளங்களைக் கவனித்து வருகிறேன். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு புடவைக் கடை, திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு குடும்பம், ஒரு பல் சிகிச்சையகம் என ஒன்பது தளங்கள் எங்கள் பொறுப்பில் உள்ளன. கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலிலிருந்து எண்களை இறக்கி, எக்செல் தாளில் ஒட்டி, உடைந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்து அறிக்கை தயாரிப்பதிலேயே ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் கழிந்துவிடுகிறது. பக்கங்களைச் செம்மைப்படுத்தும் உண்மையான வேலைக்கு நேரமே மிஞ்சுவதில்லை.

இதற்கிடையில், மாதம் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆயிரக்கணக்கான பேக்லிங்க்குகளை, அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்தைச் சுட்டும் இணைப்புகளை, தானாகவே உருவாக்கித் தரும் மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று என் முதலாளி கருதுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று ஆதாரத்தோடு சொல்லத் தெரியவில்லை. எந்த வேலைகளை இயந்திரத்திடம் விடலாம், எவற்றைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் தளங்களில் மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிப் பக்கங்கள் இருப்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பதில் 1: ஜார்ஜ்டவுன், பினாங்கு

சகோதரி, அந்த மென்பொருள் வேண்டாம் என்று இன்றே உங்கள் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். 2011-இல் இங்குள்ள ஒரு தங்கும் விடுதிக்காக அதே வேலையை நானே செய்தேன். வலைப்பதிவுப் பின்னூட்டங்களிலும் யாரும் படிக்காத முகவரிப் பட்டியல்களிலும் ஒரே சொற்றொடரை இணைப்பாக்கிப் பல நூறு இடங்களில் பதித்தேன். சில மாதங்களில் விடுதி கூகுள் தேடலின் முதல் பக்கத்துக்கு வந்தது. உரிமையாளர் என்னை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். 2012 ஏப்ரல் 24 அன்று, செயற்கை இணைப்புகள் கொண்ட தளங்களைப் பின்னுக்குத் தள்ளும் பெங்குவின் என்னும் மாற்றத்தைக் கூகுள் வெளியிட்டது. அடுத்த சில நாள்களில் அந்தத் தளம் தேடுகிறவர்களின் கண்ணில் படாத ஆழத்துக்குப் போய்விட்டது.

வேண்டாத இணைப்புகளை மறுத்து அறிவிக்கும் டிஸ்அவௌ கருவி அவ்வாண்டு அக்டோபரில்தான் வந்தது. பட்டியல் தயாரித்து அனுப்பினோம். ஆனால் அக்காலத்தில் பெங்குவின் எப்போதாவது ஒருமுறைதான் இயக்கப்பட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தவர்கள்கூட அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 செப்டம்பரில்தான் அது தொடர்ந்து இயங்கும்படி முதன்மை நிரலோடு சேர்க்கப்பட்டது. என்னை நம்பிய மனிதர் அந்தக் காத்திருப்பில் பட்ட இழப்பை நான் இன்றும் மறக்கவில்லை.

இன்றைய நிலை சற்று வேறு. 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரெயின் என்னும் அமைப்பைக் கொண்டு இத்தகைய இணைப்புகளைக் கண்டறிந்து, அவற்றின் மதிப்பைக் கூகுள் நீக்கிவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் அந்த 300 வெள்ளிக்கு எந்தப் பயனும் கிடைக்காது. மனிதர்கள் பார்த்துத் தண்டனை விதிக்கும் நடைமுறையும் அப்படியே இருக்கிறது. தானியங்கி நிரல்களால் இணைப்புகளை உருவாக்குவது விதிமீறல் என்று கூகுளின் ஸ்பேம் கொள்கையிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. அந்தப் பக்கத்தை அச்சிட்டு முதலாளியின் மேசையில் வையுங்கள்.

பதில் 2: பாயான் லெப்பாஸ், பினாங்கு

மேலே ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். தானியங்கியாக்கத் தகுந்தவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்களைத் திரட்டும் வேலையை முழுவதுமாக இயந்திரத்திடம் விட்டுவிடலாம். சர்ச் கன்சோலின் திரையில் ஓர் அட்டவணைக்கு 1,000 வரிகள்தான் கிடைக்கும். நிரல்கள் நேரடியாகத் தரவைக் கேட்டுப் பெறும் ஏபிஐ வழியாகக் கேட்டால் ஒரு கோரிக்கைக்கு 25,000 வரிகள் வரை வரும். கூகுள் ஷீட்ஸில் உள்ள ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சிறு நிரல் ஒன்றை எழுதி, நாள்தோறும் விடியற்காலையில் ஓடும்படி அமைத்தால் போதும். ஓர் ஓட்டத்துக்கு 6 நிமிட வரம்பு இருப்பதால், தளத்துக்கு ஓர் ஓட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று நாள்களின் எண்கள் முழுமையடைந்திருக்காது என்பதால் அவற்றை விட்டுவிட்டு அதற்கு முந்தைய நாளைக் கேளுங்கள்.

நம் ஊர்க் கடைகளுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20 ஆகிய நாள்களில் வந்தது. இந்த நவம்பரைப் போன நவம்பரோடு ஒப்பிடும் ஆயத்த அறிக்கை எதுவாயினும், 2024-இல் உங்கள் புடவைக் கடை சரிந்துவிட்டதாகவே காட்டியிருக்கும். உண்மையில் பண்டிகைதான் நகர்ந்திருக்கும். ஆகவே மாதத்தை மாதத்தோடு ஒப்பிடாமல், தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களை அதற்கு முந்தைய தீபாவளியின் ஆறு வாரங்களோடு ஒப்பிடும்படி நிரலை எழுதுங்கள். தைப்பூசத்துக்கும் அப்படியே: 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. கூகுள் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், மூன்று தீபாவளிகளை வரிசையாகப் பார்க்க விரும்பினால் இன்றிலிருந்தே உங்கள் தாளில் சேமிக்கத் தொடங்க வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களில் இரண்டு சிக்கல்கள் வரும். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கு வெவ்வேறு சொற்கள். ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்னும் ஒரே சீரான யுனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையேல் ஒரே தேடுசொல் இரண்டு வரிகளாகப் பிரிந்து கிடக்கும். அடுத்தது பக்க முகவரி. 'தீபாவளி' என்ற ஒரு சொல் முகவரியில் % குறியீடுகளாக மாறி 63 எழுத்துகளாக விரிவதால், அறிக்கையில் அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டும் ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடைந்த இணைப்புகளுக்கு, தளத்தின் பக்கங்களைத் தானாகச் சுற்றிச் சோதிக்கும் ஸ்க்ரீமிங் ஃப்ராக் மென்பொருள் போதும். இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை பார்க்கும், சிறு தளங்களுக்கு அது தாராளம். மலாய், ஆங்கில, தமிழ்ப் பக்கங்கள், ஒரு பக்கத்தின் மற்ற மொழி வடிவங்களைக் கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியால் ஒன்றையொன்று சுட்டுகின்றனவா என்பதையும் அதிலேயே சோதிக்கலாம். ஒரு பக்கம் திரும்பச் சுட்டாவிட்டால் கூகுள் அந்தக் குறியைப் பொருட்படுத்தாமல் போகலாம்; கையால் சோதிக்கும்போது பெரும்பாலும் தவறிப்போவது இதுதான். ஆனால் நாற்பது பக்கங்களுக்கு ஒரே தலைப்பு இருக்கிறது என்பதை இயந்திரம் கண்டுபிடிக்கட்டும். அந்தத் தலைப்புகளை நீங்களே எழுதுங்கள். புடவை என்பவர் யார், சேலை என்பவர் யார், ஆங்கில எழுத்தில் சாரி என்று தட்டுபவர் யார் என்பது கடையில் நின்று வாடிக்கையாளர்களைக் கவனித்தவருக்குத்தான் தெரியும்.

பதில் 3: செந்தூல், கோலாலம்பூர்

இணைப்பு தேடும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் வாடிக்கையாளரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு இணைப்புத் தராத பக்கங்கள், முன்பு இருந்து இப்போது காணாமற்போன இணைப்புகள், பிறர் தளத்தில் செத்துப்போன முகவரிகள் ஆகியவற்றைத் தேடிப் பட்டியலிடும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். பட்டியல் வந்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து படித்து, கடிதத்தை நான் தனித்தனியாக எழுதுகிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரே அச்சில் வார்த்த கடிதத்தை ஒருமுறை அனுப்பினேன். சங்கத்தின் பெயரைக்கூடச் சரியாகக் குறிப்பிடாத கடிதம் என்று அதன் செயலாளர் வருத்தப்பட்டுப் பதில் எழுதினார். அவ்வளவு சிறிய வட்டத்தில் அந்த வருத்தம் மற்றச் சங்கங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி எழுத வேண்டாம் என்று சொன்னவர்களின் முகவரிகளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மறுபடி அங்கே கடிதம் போகாமல் தடுக்கும் வேலையைத் தவறாமல் தானியங்கியாக்குங்கள். விளம்பரத் தொடர்பை நிறுத்தச் சொல்லும் உரிமையை 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு மக்களுக்குத் தந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலாளி கொள்கைப் பக்கத்தைப் படித்துவிட்டு மென்பொருள் யோசனையைக் கைவிட்டார். புடவைக் கடையின் எண்களை நேற்றிலிருந்து சேமிக்கத் தொடங்கிவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது: சமையல் குடும்பத்தார் தைப்பூசத்தின்போது பத்துமலையில் ஒரு சங்கத்தின் தண்ணீர்ப் பந்தலுக்கு உணவு வழங்குகிறார்கள். அதற்காகச் சங்கம் தன் தளத்தில் இணைப்புத் தருவதாகச் சொல்கிறது. இதுவும் விலைக்கு வாங்கிய இணைப்பாகுமா?

பதில் 3: செந்தூல், கோலாலம்பூர்

உணவுக்கு ஈடாக இணைப்பு என்று பேசிக்கொண்டால் ஆகும். அப்போது 2019 செப்டம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய, ஈடு பெற்றுத் தந்த இணைப்பு என்று தெரிவிக்கும் ஸ்பான்சர்டு குறியை அந்த இணைப்பில் சேர்க்கும்படி சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தரவரிசைக்கு அது உதவாமற்போகலாம். ஆனால் பந்தலில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு யாரை அழைக்கலாம் என்று சங்கத்தின் பக்கத்தில் தேடுகிறவர் அந்த இணைப்பின் வழியாகத்தான் உங்கள் வாடிக்கையாளரிடம் வந்து சேர்வார். உணவு வழங்குவதைப் படம் எடுத்து, எத்தனை பேருக்கு எப்படிச் சமைத்தார்கள் என்று சமையல் குடும்பத்தாரின் தளத்திலேயே மூன்று மொழிகளிலும் ஒரு பக்கம் எழுதிவையுங்கள்; அதைப் படித்துவிட்டு எவரேனும் தாமாக இணைப்புத் தந்தால், அதற்கு எந்தக் குறியும் தேவையில்லை.