டிஃபோர்ட் பெய்லி பற்றிப் பேசப்போகிறேன், உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டு கேட்க ஒரு மாலை ஏற்பாடு செய்கிறேன். அமெரிக்க கன்ட்ரி இசை என்றாலே தொப்பி போட்ட வெள்ளைக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் டிஃபோர்ட் பெய்லியிடமிருந்து தொடங்க ஆசை.

டென்னசியில் பிறந்த கறுப்பினக் கலைஞர். சிறு வயதில் போலியோ வந்தவர். மவுத் ஆர்கனில் ஓடும் ரயிலையே கொண்டுவந்துவிடுவார்: விசில், சக்கரச் சத்தம், ஏறிக்கொண்டே போகும் வேகம் எல்லாம் இருக்கும். 1927-இல் நாஷ்வில் வானொலி நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் விழுந்த இரவில் வாசித்தவர் இவர்தான். 1941-இல் அதே நிகழ்ச்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். இறந்தது 1982-இல், கன்ட்ரி இசையின் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்தது 2005-இல்! இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கன்ட்ரி இசையின் ஆரம்பகாலப் பாடகர் குழுவான கார்ட்டர் குடும்பத்துக்காக மெட்டுகளை மனதில் ஏந்தி வந்த கறுப்பினக் கலைஞர் லெஸ்லி ரிடில் பற்றியும் சொல்வேன்.

பெய்லியுடைய 1927, 1928 பதிவுகள் இரைச்சல் குறைவாக எங்கே கிடைக்கும்? மவுத் ஆர்கன் வாசிப்பவர்கள் யாராவது, அந்த ரயில் சத்தத்துக்கு மூச்சை எப்படிப் பிடிப்பது என்று சின்ன வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? நான் விட்டுவிட்ட கறுப்பினக் கன்ட்ரி கலைஞர்கள் இருந்தால் அவர்களையும் சொல்லுங்கள்.