அரசுச் செலவை வெட்டினால் கடன் குறையுமா?

அஸ்தம்பட்டி:
மாநிலக் கடன் ஏறிக்கிட்டே போகுது. செலவை வெட்டினாத்தான் அடையும்ங்கிறாங்க. ஏற்காடு ரோட்டு வேலையை ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டா என்ன?

செவ்வாய்ப்பேட்டை:
கடன் தொகையை மட்டும் பார்க்காதீங்க, மாநிலத்தோட ஒரு வருஷ மொத்த உற்பத்தி மதிப்போடு அதன் விகிதத்தைப் பாருங்க. உற்பத்தி 100, கடன் 30, வட்டி 7 சதம்னு வைங்க. வட்டியையும் கடன் வாங்கியே கட்டினா கடன் 32.1. விலைவாசி உயர்வும் சேர்த்து உற்பத்தி 10 சதம் வளர்ந்தா விகிதம் 29.2. 4 சதம்தான்னா 30.9. கிரீஸ் நாட்டுல இந்த விகிதம் 2009-ல் சுமார் 127 சதம். வெட்டு வெட்டுன்னு வெட்டியும் 2014-ல் 180-ஐ ஒட்டிப் போச்சு. பொருளாதாரமே கால்வாசி சுருங்கிடுச்சே!

அடிவாரம்:
சம்பளம், பென்ஷன், வட்டியில கை வைக்க முடியாது. கத்தி விழுறது பராமரிப்புலதான். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடுங்க அது. மலைப்பக்க வாய்க்கால் தூர்ந்தா, ஐப்பசி மழைத்தண்ணி ரோட்டைத் தாண்டிப் பள்ளப்பக்கம் இறங்கி, தடுப்புச்சுவரோட அடிமண்ணை அரிச்சிடும். தூர்வாரும் கூலியை மிச்சம் பிடிச்சுட்டு சுவரையே புதுசா கட்டணும்.

அஸ்தம்பட்டி:
அப்ப எவ்வளவு வேணா வாங்கலாமாண்ணா?

செவ்வாய்ப்பேட்டை:
அதெப்படி? 2003-ல் வந்த நிதிப் பொறுப்புடைமைச் சட்டப்படி நிதிப் பற்றாக்குறைக்கு, அதாவது ஒரு வருஷத்துல வரவை மிஞ்சிக் கடன் வாங்கிச் செய்யுற செலவுக்கு, வழக்கமான வரம்பு உற்பத்தி மதிப்புல 3 சதம். ஆனா முதல்ல வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது அன்றாடச் செலவு வருவாயை எவ்வளவு மிஞ்சுதுன்னு பாருங்க. சம்பளத்துக்கும் மானியத்துக்கும் கடன் வாங்கினா திருப்பிக் கட்ட வருமானம் எங்கிருந்து வரும்? வெட்டணும்னா மின்வாரிய நட்டத்துல ஆரம்பிக்கலாம், ரோட்டுல வேண்டாம்.