பள்ளி கேண்டீன் ஒப்பந்தம்: ஒரு வரி எழுத உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். 'மிகையாகப் பதப்படுத்திய உணவு விற்கக்கூடாது' என்று சேர்க்கச் சொல்லி பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்னிடம் விட்டுவிட்டது. மூன்று நாளாக அந்த ஒரு வரியில்தான் நிற்கிறேன்.

பிரேசில் ஆய்வாளர் கார்லோஸ் மொன்தெய்ரோ குழுவின் 'நோவா' முறையில், எவ்வளவு பதப்படுத்தியது என்பதை வைத்து உணவு நான்கு வகை. நான்காவதுதான் இது: வீட்டுச் சமையலில் இல்லாத சுவையூட்டி, குழம்பாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்ப்பது) எல்லாம் சேர்த்து ஆலையில் தயாராவது. படிக்கத் தெளிவுதான். ஆனால் அப்படியே எழுதினால் பாக்கெட் கோதுமை ரொட்டியும் கோழி நகெட்டோடு சேர்ந்து தடையாகிவிடும். சீனி அள்ளிப்போட்டுக் கையால் செய்த பலகாரம் தப்பித்துவிடும். கேண்டீன் அக்கா, "எதை விற்கலாம்னு நீங்களே சொல்லுங்க தம்பி" என்கிறார். நியாயமான கேள்வி. கலிஃபோர்னியாவே 2025இல்தான் பள்ளி உணவுக்காக இதைச் சட்டத்தில் வரையறுத்தது.

சேர்பொருள் பட்டியலை வைத்து எழுதுவதா, சீனி, உப்பு அளவை வைத்தா? வழக்கறிஞர்கள், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்கள், உங்கள் பள்ளியில் இப்படி எழுதியவர்கள் யாராவது அந்த வாசகத்தைப் பகிருங்கள். மலாயில் இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை கூட்டம்.